ஒருமுறை எரிந்த அடுப்பு

காஞ்சிபுரம் இட்லி இன்று சென்னையில் பல ஓட்டல்களில் கிடைக்கிறது. மிளகையும் சீரகத்தையும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, சுக்குப்பொடி, பெருங்காயம், நெய் சேர்த்து, டம்ளரில் ஊற்றி வேகவைத்த ஒரு துண்டைத் தட்டில் வைக்கிறார்கள். அதன் பூர்வீகம் சின்னக் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளி. அங்கே அதற்கு டம்ளர் கிடையாது, குடலைதான். மூங்கிலில் முடைந்த நீண்ட குடலைக்குள் மந்தாரை இலைகளைச் சுற்றிலும் பதித்து, புளித்த மாவை ஊற்றி, பெரிய பாத்திரத்தில் நிற்கவைத்து மணிக்கணக்கில் ஆவி காட்டுவார்கள். வெந்ததும் உருவி எடுத்தால் இலை நரம்பு பதிந்த உருளை ஒன்று நிற்கும். பெருமாளுக்குக் காட்டிய பிறகு அதைத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். இந்த ஒரு பண்டத்தை வைத்தே காஞ்சிபுரத்தின் சமையல் வரலாற்றை எழுதி முடித்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் கோயிலில் வெந்தது வேறு, கோயிலைச் சுற்றியிருந்த நெசவுத் தெருக்களில் வெந்தது வேறு. பிள்ளையார்பாளையம் போன்ற இடங்களில் அன்றாடம் வயிற்றுக்குள் போனது கேழ்வரகுக் கூழும் பழைய சோறும். அதை வறுமை என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. எந்தத் தானியம் என்பதை விலை முடிவு செய்திருக்கலாம். அதை எப்படிச் சமைப்பது, ஒரு நாளில் அடுப்பை எத்தனை முறை மூட்டுவது என்பதை முடிவு செய்தது தறி.

முதலில் சான்றுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காஞ்சியில் சாமி சாப்பிட்டதற்குக் கல்லில் ஆதாரம் இருக்கிறது, ஆள் சாப்பிட்டதற்கு இல்லை. கோயில் கல்வெட்டுகளில் திருவமுது, கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என்று ஒவ்வொன்றும் நாழியும் உழக்குமாக அளந்து வருகிறது. அமுது என்ற சொல் ஒட்டாத எந்த உணவுக்கும் அந்தக் கல்லில் இடமில்லை. நெசவாளர்களோ அதே ஆவணங்களில் வேறு கோலத்தில் வருகிறார்கள். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழனின் செப்பேடு ஒன்று, இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பது, கச்சிப்பேட்டு (அதாவது காஞ்சிபுரத்து) ஊரகத்துப் பெருமாள் கோயிலின் காரியங்களைப் பட்டசாலிகள் என்ற நெசவாளர் வாழ்ந்த சேரிகளின் பொறுப்பில் விடுகிறது. கோயில் கணக்கைப் பார்க்கும் அளவுக்கு நம்பப்பட்டவர்கள் வீட்டில் என்ன கொதித்தது என்று அந்தச் செப்பேடு எதற்குச் சொல்லப்போகிறது? இலக்கியமும் இந்த விஷயத்தில் கைவிரிக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைத் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பெரும்பாணாற்றுப்படை, ஒவ்வொரு நிலத்திலும் அவனுக்கு வேறு வேறு விருந்து வைக்கிறது. எயினர் வீட்டில் மேட்டுநிலச் செந்நெல் சோறும் உடும்புக் கறியும், முல்லை நிலத்தில் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும், உழவர் வீட்டில் வெண்ணெல் சோறும் கோழியும், அந்தணர் மனையில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வேகவைத்த மாதுளங்காயும் மாவடுவும். நெசவாளி வீட்டுத் திண்ணையில் மட்டும் பாணன் உட்காரவில்லை. ஆகவே கல்லும் ஏடும் பேசாத இடத்தில் வேறு சாட்சிகளைத்தான் கூப்பிட வேண்டும். வீட்டின் அமைப்பு, தொழிலின் நேரக்கணக்கு, பாத்திரம், சொல், இன்னும் விடாமல் இருக்கும் சடங்கு ஆகியவைதான் அந்தச் சாட்சிகள்.

தறி வீட்டைப் பாருங்கள். தெருவோடு ஒட்டிய குறுகலான முகப்பு, உள்ளே நீளமான கூடம், கூடத்தின் நடுவே குழித்தறி. சமையலறை கடைசியில், கொல்லைப்புறத்தை ஒட்டி. இடவசதி மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. பட்டுக்குப் புகை ஆகாது, எண்ணெய்க் கை ஆகாது, மஞ்சள் பட்ட விரல் ஆகவே ஆகாது. ஆக, அடுப்பு தறியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி, எவ்வளவு குறைந்த நேரம் எரிகிறதோ அவ்வளவு நல்லது. இனி வேலையைப் பாருங்கள். தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான் என்றாலும், அவர் நெய்ய ஐந்தாறு கை வேலை செய்தாக வேண்டும். நூலை இழைப்பது, தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, புதுப் பாவின், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலின், ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் இழையோடு பிணைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை. கரை வேறு நிறம், உடல் வேறு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு மறுபக்கம் நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். பல காலம் அந்த ஆள் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தது. கூலியோ நாளுக்கு இவ்வளவு என்று இல்லை, சேலைக்கு இவ்வளவு. அடுப்படியில் கழியும் ஒரு மணி நேரம் தறியிலிருந்து பிடுங்கிய ஒரு மணி நேரம். வயலுக்குப் போகிற பெண் வேலை முடிந்தால் வீடு திரும்புவாள். தறி வீட்டுப் பெண்ணுக்கு வேலையே வீட்டுக்குள் இருந்ததால் திரும்புவதற்கு இடம் கிடையாது. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஏற்ற சாப்பாடு எது? ஒருமுறை அடுப்பு மூட்டிச் செய்தால் மூன்று வேளைக்கு வர வேண்டும். ஆறினால் கெடக்கூடாது. சூடு பண்ண வேண்டியிருக்கக் கூடாது. நின்றபடி குடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு தறிக்குப் போக முடிய வேண்டும்.

கூழ் இந்த நான்கையும் நிறைவேற்றுகிறது. கேழ்வரகை, வடதமிழ்நாட்டுப் பேச்சில் கேவுரை, ஏந்திரத்தில் அரைத்து வைத்துக்கொண்டால் பல நாளைக்கு மாவு கவலை இல்லை. முந்தின நாளே மாவைத் தண்ணீரில் கரைத்து மூடி வைப்பார்கள். அது புளிக்கும். மறுநாள் சாயங்காலம் பானையில் நொய்யைப் போட்டு வேகவைத்து, அது குழைந்து வரும்போது புளித்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டுவார்கள். வெந்துவிட்டதா என்று பார்க்க விரலைத் தண்ணீரில் நனைத்து மேலே தொட வேண்டும். ஒட்டினால் இன்னும் கொஞ்சம், ஒட்டாவிட்டால் இறக்கலாம். இராத்திரிக்கு அது களிப் பதத்தில் குழம்போடு போகும். மிச்சம் அப்படியே பானையில் விடியும்வரை இருக்கும், இரண்டாம் முறையாகப் புளிக்கும். காலையில் அதில் ஒரு கை எடுத்து உப்பும் மோரும் விட்டுக் கரைத்தால் கூழ். மதியம் இன்னும் கொஞ்சம் நீர்க்கக் கரைத்தால் அதே கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமோ, பச்சை மிளகாயோ, மோர் மிளகாயோ, மாங்காய்க் கீற்றோ, சுட்ட கருவாடோ. அடுப்பு எரிந்தது முந்தின நாள் மாலையில் ஒரே ஒரு தடவை. பழைய சோற்றின் கணக்கும் இதுவேதான். இராத்திரி வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குச் சோறு, அதன் மேல் நிற்கும் நீராகாரம் வெயிலுக்கு. இங்கே புளிப்பு என்பது ருசிக்காகச் சேர்த்த சங்கதி இல்லை. குளிர்சாதனப் பெட்டியும் விறகும் இரண்டாவது ஆளும் செய்ய வேண்டிய வேலையை அது செய்தது.

நெசவுக்கும் கஞ்சிக்கும் இன்னொரு உறவும் உண்டு. தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டும், இல்லாவிட்டால் இழை உராய்ந்து அறும். வெயில் ஏறுவதற்கு முன், தெருவை அடைத்துப் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைப் பூசி, இழை இழையாகப் பிரிந்து காயும்படி நீவி விடுவார்கள். பருத்திக்குக் கெட்டியாக, பட்டுக்கு லேசாக. விடியற்காலையில் வீட்டில் எல்லோருடைய கையும் தெருவில் தேவைப்படும்போது அடுப்படியில் யார் நிற்பது? பானையில் நேற்றைய கூழ் இருந்தால்தான் இன்றைய பாவு தெருவுக்கு வரும். வீட்டுக்கு வந்த அரிசியில் ஒரு பங்கை நூல் குடித்தது என்பதும் கணக்கில் சேர வேண்டியதுதான். இது காஞ்சிக்கு மட்டும் உரிய விசித்திரமும் இல்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஓட்ஸ் உமியைத் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கும் ஒரு கூழ் இருந்தது. சோவன்ஸ் என்பது அதன் பெயர். ஸ்காட்லாந்து நெசவாளர்கள் பாவுக்குப் பூசும் மாவுப் பசைக்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதியில் வீட்டுக்கு வீடு ஆளி நார் நூற்று லினன் துணி நெய்த காலத்தில், குடியானவர் வீட்டு அடுப்பு என்பது கரி மண் எரியும் கணப்பின் மேல் தொங்கிய ஒற்றைப் பானை. உருளைக்கிழங்கு, ஓட்ஸ் கஞ்சி, மோர். கடல் கடந்து, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு நெசவுக் குடிகள் ஒரே மாதிரியான பானையில் வந்து நிற்பதற்குப் பொதுவான காரணம் தொழில் வீட்டுக்குள் நடந்ததுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு உடனே வரும் மறுப்பு, ஏழைகள் எங்கும் இப்படித்தான் சாப்பிட்டார்கள், இதில் தறிக்கு என்ன தனி இடம் என்பது. பாதி நியாயம். கூழ் நெசவாளரின் தனிச்சொத்து இல்லை. நாற்று நட்டவர்களும் களை பறித்தவர்களும் மண் சுமந்தவர்களும் அதைத்தான் குடித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் புக்கானன் 1800ஆம் ஆண்டு சென்னையிலிருந்து காஞ்சி வழியாக மைசூருக்குப் போனபோது, மைசூர்ப் பகுதியில் உழைக்கும் மக்களின் சாப்பாடு கேழ்வரகுதான் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆனால் இந்த எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இருந்தது காசில்லாமை மட்டுமா? பெண்ணின் பகல் பொழுதை வேறு வேலை எடுத்துக்கொண்டதும் எல்லா வீட்டுக்கும் பொதுதான். மலிவு என்பது கேழ்வரகைத் தேர்ந்ததை விளக்கும். அதே கேழ்வரகை மூன்று வேளையும் அடையாகத் தட்டிச் சுடச்சுடத் தின்றிருக்கலாமே, ஏன் பானையில் புளிக்க விட்டார்கள் என்பதை மலிவு விளக்காது. மேலும், காஞ்சி நெசவாளர் எப்போதும் ஒடுங்கிப்போனவர்கள் என்ற நினைப்பே தவறு. 15ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியில் பல்லக்கும் சங்கும் வைத்துக்கொள்ளும் உரிமை காஞ்சிக் கைக்கோள நெசவாளருக்கு இருந்தது. வேறு ஊர்க் கைக்கோளர், காஞ்சியில் இருப்பதுபோல் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பல்லக்கில் போகும் மரியாதையும் பானையில் புளிக்கும் கூழும் ஒரே தெருவில் இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

இட்லியை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையிலும் 12ஆம் நூற்றாண்டு சம்ஸ்கிருத நூலான மானசோல்லாசத்திலும் இட்லியின் முன்னோடி வருகிறது. அது உளுந்தில் செய்தது. அரிசி பிற்பாடு வந்து சேர்ந்தது. எந்தக் காலத்து இட்லியானாலும் மாவை ஈரமாக அரைக்க வேண்டும், அதை அரைத்துவிட்டுப் பல நாள் வைக்க முடியாது, ஒவ்வொரு முறையும் ஆட்டுக்கல்லில் புதிதாக உட்கார வேண்டும். உலர்ந்த கேழ்வரகை ஏந்திரத்தில் ஒரே இராத்திரியில் ஒரு வாரத்துக்கு அரைத்துவிடலாம். ஏந்திரமும் கடும் உழைப்புதானே என்று கேட்பவருக்கு என் பதில் இதுதான். உழைப்பின் கடுமையைவிட அது எந்த நேரத்தில் வருகிறது என்பதே தறி வீட்டுக்கு முக்கியம். தீபாவளிக்கு மட்டும் இட்லி என்று பல வீடுகளில் இருந்ததற்கு உளுந்தின் விலை ஒரு காரணம், ஆட்டுக்கல் இன்னொரு காரணம். அந்த இரண்டாவது காரணத்தை ஆண்கள் எழுதிய சமையல் வரலாறுகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

அடுத்த மறுப்பு கனமானது. காஞ்சி அடங்கிய செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை, நெல் விளைந்த நாடு. பாலாறும் வேகவதியும் சுற்றி ஓட, ஊரைச் சுற்றி ஏரிப் பாசனம் இருக்க, காஞ்சியில் ஏன் அரிசி அன்றாடம் இருந்திருக்காது? நெல் விளைந்தது உண்மைதான். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் இந்தச் சீமையில் ஊர் ஊராக எடுத்த கணக்கைப் பார்த்தால், களத்தில் விழுந்த நெல் பங்கு பிரிந்து போன விதம் தெரியும். கோயிலுக்கு, மடத்துக்கு, ஊர்க் கணக்கனுக்கு, வெட்டியானுக்கு, தச்சனுக்கு, அரசுக்கு, மிராசுதாரருக்கு. நெல்லோடு உறவு இருந்தவருக்கு நெல்லில் பங்கு இருந்தது. நகரத்து நெசவாளிக்கு வயல் இல்லை, களத்துமேட்டில் பங்கு இல்லை. அவன் தானியத்தைக் கடையில் வாங்குபவன். வாங்குபவனுக்கு விளைச்சல் முக்கியமில்லை, விலைதான் முக்கியம். மழை பொய்த்தால் அவனுக்கு இரண்டு பக்கமும் அடி விழும். தானிய விலை ஏறும். சோற்றுக்கே அலைகிறவர்கள் துணி வாங்க மாட்டார்கள் என்பதால் நெய்த துணிக்கு ஆள் இருக்காது. காஞ்சி மாநகரம் பசியில் வாடியபோது மணிமேகலை அமுதசுரபியோடு அங்கே போனாள் என்று சாத்தனார் கதை சொன்னதில் எவ்வளவு வரலாறு என்று யாரும் அளக்க முடியாது. ஆனால் கற்பனைக்குக்கூட, பஞ்சம் என்றதும் காஞ்சி நினைவுக்கு வந்திருக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்கு அளவு உண்டு. 1877 ஜனவரியில் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையில் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஏறக்குறைய 450 கிராம், போதும் என்று குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிரைப் பிடித்து வைக்கக்கூடப் போதாது என்று சண்டை போட்டார். பிறகு வந்த பஞ்ச நிவாரண விதிகளில் நெசவாளரை மண் சுமக்க அனுப்பாமல் அவரவர் தொழிலிலேயே வேலை கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு நுழைந்ததற்கு, நெல் நாட்டில் நெசவாளி முதலில் விழுந்தான் என்ற அனுபவமே காரணம். அயர்லாந்திலும் 1845இல் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கியபோது நாட்டில் உணவே இல்லாமல் போகவில்லை. ஓட்ஸும் வெண்ணெயும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தன. பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் ஊரைவிட்டுப் போனார்கள். விளையும் நிலத்தைப் பார்த்துச் சாப்பாட்டை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு ஊர்களும் போதும்.

ஒரு விஷயத்தில் காஞ்சி அயர்லாந்தைவிடப் புத்திசாலி என்று சொல்லலாம். ஒரே கிழங்கில் உயிரை வைத்தவர்கள் கிழங்கோடு போனார்கள். கூழ்ப் பானையில் எதுவும் நுழையும். கேழ்வரகு இல்லையா, கம்பு. நொய் இல்லையா, சாமை. மோர் இல்லாவிட்டால் நீராகாரம். கேழ்வரகைப் பூச்சி அரிக்காமல் வருஷக்கணக்கில் வைக்க முடியும் என்பது வேறு. தறி வீட்டில் இதன் அருமை மழைக்காலத்தில் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் தெருவில் பாவு காயாது, தறிக் குழியில் ஈரம் ஏறும், வேலை நிற்கும். முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தில் காலம் ஓட்டும் அந்த வாரங்களில் பானை எவ்வளவு நீர்த்துப்போனது என்பதுதான் அந்த வீட்டின் கணக்குப் புத்தகம். சேலையை அறுத்துக் கொடுத்துக் கூலி வந்த அன்று மீன் குழம்பு மணக்கும். அந்த ஒரு நாளை வைத்து மற்ற நாள்களை எடைபோடக் கூடாது.

கோயிலுக்குத் திரும்புவோம். குடலை இட்லியும் கூழும் அடிப்படையில் ஒரே வித்தையின் இரண்டு பிள்ளைகள். இரண்டும் மாவைப் புளிக்கவைத்துச் செய்பவை, இரண்டும் நாள்பட நிற்பவை. ஆனால் கூழ் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது, குடலை இட்லி நேரத்தைச் செலவழிக்கிறது. அரைக்க ஆள், இலை தைக்க ஆள், மணிக்கணக்கில் எரிய விறகு, நெய்யும் மிளகும் வாங்க மானியம் என்று இத்தனையும் ஒரு நிறுவனத்துக்குத்தான் கட்டுப்படியாகும். (மடைப்பள்ளியில் மிளகாய் இன்றும் நுழையாததும், தெருவில் கூழுக்கு மிளகாயே துணையாகிப்போனதும் அதே வேறுபாட்டின் இன்னொரு முகம். கடல் தாண்டி வந்த மிளகாய் மலிவு, மிளகு விலை கூடியது.) கோயில் உணவு ஊருக்கே பொதுவாகக் கிடைத்தது என்று சிலர் சொல்வதுண்டு. பிரசாதம் வெளியே வந்தது உண்மை. அது பங்காக வந்தது. தானம் விட்டவருக்கு நாலில் ஒரு பங்கு என்று விட்டவன் விழுக்காடு, கைங்கரியம் செய்தவர்களுக்கு அவரவர் முறை. சில நெசவுக் குடிகளுக்கும் கோயிலில் முறை உண்டு. 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை வாசலையே தாண்ட முடியாதவர்கள் இதே ஊரில் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் அது ஊர்.

எல்லோருக்கும் பொதுவாக வந்த சாமிச் சாப்பாடு ஒன்று உண்டென்றால் அது ஆடி மாதத்து அம்மன் கூழ். வடதமிழ்நாட்டுத் தெரு அம்மன் கோயில்களில் ஆடி ஞாயிறுகளில் வீட்டுக்கு வீடு மாவும் நொய்யும் வாங்கி, அண்டா வைத்துக் காய்ச்சி, சொம்பும் தூக்குவாளியும் கொண்டு வருகிற எல்லோருக்கும் ஊற்றுவார்கள். கூட முருங்கைக்கீரைப் பொரியல், சில இடங்களில் கருவாட்டுக் குழம்பு. ஆடியில் கல்யாணம் கிடையாது. சேலை வியாபாரம் படுக்கிற மாதம். விதைக்கிற காலம் என்பதால் தானியக் குதிரும் அடிமட்டத்தில் இருக்கும். வேலையும் தானியமும் சேர்ந்து குறைகிற மாதத்தில் தெருவே ஒரு பானையாவதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. அம்மை, வெப்பம், நேர்த்திக்கடன் என்று சொல்லப்படும் காரணங்களை இது பொய்யாக்காது. அவற்றுக்குக் கீழே ஒரு அரிசிக் கணக்கும் இருக்கிறது என்கிறேன், அவ்வளவுதான்.

இந்தச் சாப்பாடு மறைந்த விதமும் என் வாதத்துக்குச் சாட்சி. 1909இல் காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொன்னது, கூழ் குடித்த ஊரின் ஆசை எது என்று தெரிந்த ஒருவரின் பேச்சு. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கியது. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011 ஜூன் முதல் இலவசம். அரிசி அன்றாடமாகிவிட்டது. ஆனால் காலை இட்லி அன்றாடமானதற்கு அரிசி மட்டும் போதவில்லை. 1950களில் கோவையில் பிறந்த மின் கிரைண்டர் வீடு வீடாகப் பரவி, பிறகு கேஸ் அடுப்பு வந்து, அதன் பிறகு ஃப்ரிட்ஜும் வந்த பின்புதான் கோயில் பண்டம் குடிசைக்கு வந்தது. விலை மட்டுமே தடையாக இருந்திருந்தால் அரிசி மலிந்த அன்றே கூழ்ப் பானை கவிழ்ந்திருக்க வேண்டும். நேரமும் விறகும் மலிந்தபோதுதான் அது கவிழ்ந்தது.

இன்று கேழ்வரகு கௌரவத்தோடு திரும்பி வருகிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து, தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குதான் என்று பாக்கெட்டில் அச்சடிக்கிறார்கள். உண்மைதான். அதை வைத்து, நம் முன்னோர் சத்தறிந்து கூழ் குடித்தார்கள், நாம்தான் அரிசியில் ஏமாந்தோம் என்று எழுதுவது மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. நிர்ப்பந்தத்தில் பிறந்த கெட்டிக்காரத்தனம் அது. வழி கிடைத்ததும் வெள்ளைச் சோற்றுக்குப் போனவர்கள் ஏமாளிகள் இல்லை. சூடாக ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்ற ஆசைக்குச் சுண்ணாம்புச்சத்துக் கணக்குச் சொல்லிப் பயனில்லை. கூழை மெச்சலாம். அதைக் கிண்டிய கைக்கு அன்று வேறு வழி இருந்ததா என்றும் சேர்த்துக் கேட்டுவிட்டு மெச்சினால் நல்லது.

காஞ்சிச் சேலையின் கரைகளுக்கும் புட்டாக்களுக்கும் மாதிரி சேர்த்து வைத்திருக்கிறோம். அந்தச் சேலையை நெய்த வீட்டுச் சமையலுக்கு அப்படி ஒரு சேகரம் இல்லை. கைத்தறி விட்டுப்போன வீடுகளில் துடுப்பும் ஏந்திரமும் பழைய சாமானோடு போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் தார் சுற்றிய கையோடு பானையும் கிண்டிய ஆயாவோ பெரியம்மாவோ இன்னும் இருந்தால், குடலை இட்லி செய்முறையை அவரிடம் கேட்க வேண்டாம், அது அச்சில் இருக்கிறது. நாளுக்கு எத்தனை முறை அடுப்பு மூட்டினீர்கள், எந்த வேளையில், விறகு எங்கிருந்து வந்தது, மழைக்காலத்தில் பானையில் என்ன இருந்தது என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள்.